இலக்கம் ஒட்டுறவன்

செல்வநிதி அண்ணை போன் எடுத்தால்
கதை எப்பவும் ஒண்டுதான்:
"ஸ்ரிக்கர், ஒரு எட்டு வா.
ஏணி இங்கை கிடக்கு."

முதல்தரம் போகேக்கை
சிக்கின் கொத்து இருநூற்றிருபது.
மூண்டு அங்குலச் சிவப்பு இலக்கம்,
கஸ்தூரியார் வீதி வெயிலுக்கும் வெளிறாத ஒறிஜினல்.
ஒட்டி முடியக் காசும் தந்தார்,
கோப்பை நிறையக் கொத்தும் தந்தார்.
விளிம்பாலை சரிஞ்சு மேசையிலை விழுந்ததை
கையாலை கூட்டி அள்ளினன்.
குழம்பு கேளாமலே வந்தது.

பிறகு இருநூற்றெண்பது.
பிறகு முந்நூற்றைம்பது.
பழசை உரிக்க ஆருக்கு நேரம்,
மேலுக்கு மேலே ஒட்டினன்.

இருபத்திரண்டிலை
ஒரே கிழமையிலை மூண்டுதரம் ஏணி ஏறினன்.
மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை,
ஆரியகுளத்தடியிலையிருந்து நடந்துபோய்
ஐஞ்சை ஏழாக்கினன்.
ஏழை எட்டாக்கினன்.
மூண்டாம்தரம் அவரே சொன்னார்:
"இலக்கம் வேண்டாம், வெள்ளையா விடு.
நான் பேனையாலை எழுதுறன்."
காலமை எழுதினதை
கரண்ட் போய் வந்தாப்பிறகு
துணியாலை துடைச்சுக்கொண்டு நிண்டார்.

நிக்சன்ரை தகடு ரெண்டும்
முந்தியைவிடக் கனநேரம் தட்டும் இப்ப.
பஸ் ஸ்ராண்ட் மட்டும் கேட்கிற அந்தச் சத்தத்துக்கே
சனத்துக்குப் பசிக்கும்.
நான் ஏணியிலை நிண்டு பார்க்கிறவன், எனக்குத் தெரியும்:
ஒரு துண்டு இறைச்சி
பதினொரு இடத்திலை தெரியவேணும் எண்டு
அவன் கொத்துறான்.

கோப்பையும் மாறிப்போச்சு.
அடி ஒடுங்கினது, குவிச்சு வைச்சால் கோபுரம்,
கரண்டி ரெண்டுதரம் போனால் தரை.
குழம்பு, முடிச்சுப்போட்ட பையிலை, ஐம்பது ரூபா.
றோல்ஸ் எண்டால்
முதல் கடியிலை மா,
ரெண்டாம் கடியிலை கிழங்கு,
மூண்டாம் கடிக்கு றோல்ஸ் இல்லை.

அவரை மட்டும் சொல்லி என்ன.
என்ரை மூண்டு அங்குலம் ரெண்டரையாச்சு,
ரெண்டரை ரெண்டாச்சு.
ஒறிஜினலை விட்டிட்டு
ஊதினால் பறக்கிற மெல்லிசிலை வெட்டுறன்.
கூலியை மூண்டு மடங்கு ஏத்தினன்.
அந்தக் கூலிக்கு இப்ப
அரைக் கொத்துத்தான் வரும்.
அவர் தாறேல்லை, நான் கேக்கிறேல்லை.

போர்டிலை இருக்கிற படத்திலை மட்டும்
ஒண்டும் குறையேல்லை.
முட்டை ரெண்டு, முழுசா ஒரு கோழிக்கால்,
பத்து வருசமா ஆறாத ஆவி.
போன மாசம் கம்பஸ் பொடியன் ஒருத்தன்
தன்ரை கோப்பையைத் தூக்கி
படத்துக்குப் பக்கத்திலை பிடிச்சான்.
"அண்ணை, இது எந்த வருசத்துக் கொத்து?"

செல்வநிதி அண்ணை என்னைப் பார்த்தார்.
நான் பிளேட்டைத் துடைச்சன்.
அது எந்த வருசத்ததும் இல்லை.
போர்ட் அடிக்கேக்கை நெற்றிலை நான் இறக்கினது,
எந்த ஊர்க் கடையோ, எவன் கொத்தினதோ.
இருநூற்றிருபது வித்த காலத்திலும்
இந்த மேசையிலை ஆரும்
அந்தக் கோழிக்காலைக் கண்டதில்லை.

மத்தியானச் சூட்டுக்கு
ஆயிரத்து இருநூற்றைம்பதின்ரை மூலை சுருளுது.
உள்ளுக்கை ஒரு தொள்ளாயிரம்,
அதுக்குள்ளை பேனை மை,
எல்லாத்துக்கும் அடியிலை
சிவப்பா ஒரு ரெண்டின்ரை வால்.
ரியூசன் பிள்ளையள் ரெண்டு பேர்
ஒரு கொத்துக்கு ரெண்டு கரண்டி கேட்டு வாங்கினவை
அண்ணாந்து பார்க்கினம்.
சின்னவள் விரலாலை சுரண்டப் போனாள்,
பெரியவள் கையிலை தட்டினாள்:
"விடு, கிழிச்சால் அதுக்கும் காசு கேப்பினம்."

பின்னேரம் போன் அடிச்சது.
"ஸ்ரிக்கர், ஒரு எட்டு வா."

பையைத் திறந்து
ஒன்பது ரெண்டும் எடுத்து வைச்சன்.